மூன்று மணி நேர வெளிச்சம்

"இதுலயும் அம்மா இல்லப்பா" என்று மகள் இன்னொரு ஆல்பத்தைத் தரையில் போட்டாள்.

பெயிண்டர் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். காலையில் எழுந்ததிலிருந்து இதே வேலையாக நாலு ஆல்பம், பிஸ்கட் டப்பா நிறைய உதிரிப் படங்கள், சார்ஜ் ஏறாத இரண்டு பழைய போன்கள் எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தாகிவிட்டது. மகளின் முதல் பிறந்தநாள் இருந்தது. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை இருந்தது. பெயிண்டர் புதிதாக வாங்கிய ஸ்கூட்டர் மட்டுமே பதினோரு படத்தில் இருந்தது. அவர் மனைவி மட்டும் எதிலும் இல்லை. யாராவது கேமராவைக் கையில் எடுத்தால் போதும், "நீங்கல்லாம் நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். முப்பத்தோரு வருஷமாக இதுதான் வழக்கம். கடற்கரையில் எடுத்த ஒரு படத்தில் மட்டும், மணலில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. தலைக்கு இரண்டு பக்கமும் முழங்கைகள் மடங்கியிருந்தன.

"இதோ, இதுதான் அம்மா" என்றாள் மகள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. மூன்று மணிக்கு அடக்கம். வாசலில் வைக்கப் பெரிதாக ஒரு படம் போடுவார்கள். பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால்தான் அச்சடித்துச் சட்டம் போட முடியும்.

"கல்யாணப் படத்தையே குடுத்துடேண்டா தம்பி" என்றாள் பெயிண்டரின் அக்கா, சோபாவில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அதுல எவ்வளவு லட்சணமா இருக்கா."

"அது அம்மாவே இல்ல அத்தை. ஸ்டூடியோக்காரன் கைவேலை."

உண்மைதான். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரன் கல்யாணப் பெண்ணின் முகத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு, உரித்த உருளைக்கிழங்கு மாதிரி ஆக்கி வைத்திருந்தான். மூக்கின் தண்டே காணாமல் போயிருந்தது. ஆனால் மடியில் கோத்திருந்த கைகளை மறந்துவிட்டான். வெளுத்த முகத்துக்குக் கீழே இரண்டு கறுத்த கைகள், வேறு யாருடையதோ போல. "கை மட்டும் தப்பிச்சிடுச்சு பாருங்க" என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவும் அவள் விட்டதில்லை.

மிச்சம் இருந்தது வேலைக்குப் போகிற அடையாள அட்டை. அதில் ஒரு சட்டைக் காலர், அதற்குமேல் ஒரு இருட்டு, இருட்டுக்குள் இரண்டு கண்கள். அவ்வளவுதான்.

மகள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "முப்பது வருஷமா ஒரு மனுஷி இந்த வீட்டுல இருந்திருக்காங்க. ஒரு படம் இல்லையேப்பா."

பெயிண்டர் சட்டைப் பையில் பஸ் காசு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

"ஒண்ணு இருக்கு. நான் கொண்டாரேன்."

"எங்கருந்து?"

"வந்து சொல்றேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நேற்று முன்தினம் மதியம் அவளும் இதே பஸ்ஸுக்காகத்தான் நின்றிருந்தாள். காலை ஐந்தரைக்குத் தொடங்கிய வேலை இரண்டு மணிக்கு முடிந்து, நிறுத்தத்தில் பையோடு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். வலி தெரிந்திருக்காது என்று எல்லாரிடமும் சொல்வார்களோ என்னவோ.

அவள் நகரத்து ஓவியக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் கூட்டித் துடைத்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தாள். மகள் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். வந்த மனைவி பையைக்கூட இறக்கி வைக்காமல் பேச ஆரம்பித்தது பெயிண்டருக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

"ஏங்க, ஒரு போட்டோக்காரம்மா வந்திருக்காங்க. என்னைவிட ஒரு படி கூடவே கறுப்பு. எங்க கேலரியில பெரிய ஹால் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவேன்ல, சுவர் முழுக்க மீசையும் கோட்டுமா ஆம்பளைங்க படமா இருக்கும், அந்த ஹால்ல ராஜா மாதிரி ஒரு நாற்காலி. யாரும் உக்காரக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்கும். கயித்தை அவுத்துட்டு, கூட்டிப் பெருக்கற எங்க ஆறு பேரையும் தினம் ஒருத்தரா அதுல உக்கார வெச்சு எடுக்கறாங்க. இன்னிக்கு நான்."

"எதுக்கு?"

"அதெல்லாம் தெரியல. ஆனா ஏங்க, மூணு மணி நேரம் என் மூஞ்சிக்கு மட்டும் வெளிச்சம் வெச்சாங்க. விளக்கை இங்க தள்ளி அங்க தள்ளி. நம்ம நிறத்துக்கு வெளிச்சம் வைக்க இந்தக் கேமராக்காரங்க கத்துக்கவே இல்ல, அதான் நாம எல்லாப் படத்துலயும் கரிக்கட்டையா வரோம், தப்பு உங்க மேல இல்லன்னு சொன்னாங்க."

பெயிண்டர் அப்போது கொல்லைக் குழாயடியில் தின்னர் போட்டு முழங்கையில் ஒட்டிய பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மணி நேரமா? ஒரு ஊருக்கே கரண்டு செலவாயிருக்குமே மையே!"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

மை என்பது அவர் வைத்த பேர். கல்யாணமான இரண்டாவது வாரமே வைத்துவிட்டார். கரண்டு போனால் "மையே, சிரி, எங்க இருக்கேன்னு தெரியட்டும்" என்பார். கூட வேலை செய்கிற ஆட்களிடம் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். பிடிக்கவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பிடிக்கிறதா என்று அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. மற்றபடி குடிக்கிறவரும் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. விடியற்காலையில் தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஓவியக்கூடத்தின் பின்கதவில் விட்டுவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார். அந்தத் தெருவில் அவரை நல்ல புருஷன் என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவள், "அந்தப் படத்தை மாட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றாள்.

"பெருக்கறவங்கன்னு எழுதி மாட்டியிருப்பாங்க. அதை வேற டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்கணுமா?"

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். அந்தச் 'சரி'க்குப் பிறகு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வீட்டில் பேசியதில்லை. பெயிண்டரும் நாளடைவில் மறந்தே போனார்.

ஓவியக்கூடத்தின் பின்கதவைத்தான் அவருக்குத் தெரியும். முன்பக்கம் இத்தனை படிகள் இருப்பது இன்றுதான் தெரிந்தது. டிக்கெட் கொடுக்கும் பெண், எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"கூட்டிப் பெருக்கற பொம்பளைங்க படம்."

"அப்படி ஒண்ணும் இல்லையே சார்."

உள்ளே நின்ற காவல்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். உயரமானவள், இடுப்பில் சாவிக்கொத்து. அருகில் வந்து அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நீங்க... ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விடுவீங்களே. அக்காவோட வீட்டுக்காரர்தானே?"

"ஆமாம்மா."

"இன்னிக்குக் காலையிலதான் எங்களுக்குச் சொன்னாங்க அண்ணே." டிக்கெட் பெண்ணிடம் கையைக் காட்டிவிட்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

இரண்டு கூடங்களைத் தாண்டி, பளிங்குத் தரை போட்ட ஒரு அறை. வலப்பக்கச் சுவரில் ஆறு படங்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். நான்காவது அவள்.

பெயிண்டர் அறை நடுவிலேயே நின்றுவிட்டார்.

முப்பத்தைந்து வருஷமாக நிறம் கலக்கிறவர் அவர். கறுப்பு என்று டப்பாவில் வருவது நிறமே இல்லை, ஒரு சொட்டு கூடினாலும் மற்ற நிறத்தையெல்லாம் கொன்றுவிடும் என்று ஆட்களிடம் சொல்லுவார். இந்த முகத்தில் டப்பாக் கறுப்பு ஒரு துளி இல்லை. நெற்றி மேட்டில் மெல்லிய நீலம் ஓடியது. கன்னத்தில் பழுப்புக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு மேலே வந்துகொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த நிழல் ஊதா. உதட்டோரத்தில், அவர் எத்தனையோ தடவை தொட்ட இடத்தில், தேன் நிறமாக ஒரு கீற்று. கலக்கச் சொன்னால் தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

நீலச் சீருடையில், அந்தப் பெரிய நாற்காலியின் இரண்டு கைகளிலும் கை வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் ஒரு ஆணும் பெண்ணும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் தாடி வைத்திருந்தான்.

"இந்தப் பார்வையைப் பாரு. உன்னை விசாரணை பண்ற மாதிரி இருக்குல்ல?"

"செருப்பைக் கழட்டி வெச்சிருக்காங்க பாத்தியா?" என்றாள் அந்தப் பெண். "இது இனிமே என் இடம்னு சொல்றாங்க. சிம்மாசனத்துல வெறுங்காலோட."

பெயிண்டர் காலைப் பார்த்தார். வலக்காலைத் தூக்கி இடக்காலின் மேல் வைத்திருந்தாள். வலக்காலில் பெருவிரல் மூட்டு புடைத்து வலிக்கும். உட்கார இடம் கிடைத்தால் போதும், அது பஸ்ஸோ கல்யாண வீடோ, செருப்பை உதறிவிட்டு அப்படித்தான் காலை ஏற்றிக்கொள்வாள். அந்தப் பார்வையும் அவருக்குத் தெரியும். பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்படியில் நிற்கும்போது அவளுக்கு அந்த முகம்தான். சொல்லலாமா என்று நினைத்தார். ஆனால் அந்தப் பிள்ளைகள் தப்பாகச் சொன்னார்கள் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. அவர்கள் இந்தப் படத்தின் முன்னால் அவருக்கு முன்பே வந்து நிற்கிறார்கள். அவர் இப்போதுதான் வந்திருக்கிறார்.

அவர்கள் நகர்ந்ததும் காவல்காரப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "தினம் எல்லா அறையும் முடிச்சிட்டு கடைசியாத்தான் இங்க வருவாங்க. மத்த அஞ்சு கண்ணாடியையும் துடைச்சிட்டு இதைத் துடைப்பாங்க. துடைச்சதும் ஒரு நிமிஷம் நிப்பாங்க."

"யாரும் இது இவதான்னு கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"ஒருத்தர்கூட கண்டுபிடிச்சதில்ல அண்ணே. ஒருநாள் ஒரு அம்மா படத்தோட நின்னு செல்ஃபி எடுக்கணும்னு, அக்காவைக் கொஞ்சம் நகருங்கன்னாங்க. அக்கா வாளியைத் தூக்கிக்கிட்டு நகர்ந்துட்டாங்க. அப்புறம் என்கிட்ட வந்து, 'என்னை என்கிட்டருந்தே தள்ளி நிக்கச் சொல்லிட்டாங்கடி'ன்னு சொல்லி அப்படிச் சிரிச்சாங்க."

இந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்ததே இல்லை. பெயிண்டர் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன அட்டையைக் குனிந்து படித்தார். 'துப்புரவுப் பணியாளர் – 4'. பக்கத்துப் படத்துக்குப் போனார். அதில் பேர் எழுதியிருந்தது. அதற்கடுத்ததிலும் எழுதியிருந்தது. திரும்பி வந்து முதல் மூன்றையும் பார்த்தார். ஐந்து பேருக்கும் பேர் இருந்தது.

"இவளுக்கு மட்டும் ஏன் நம்பர்?"

அவள் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"அக்காதான் வேண்டாம்னாங்க."

"ஏன்?"

"படம் எடுத்த அன்னன்னிக்கே எல்லார்கிட்டயும் பேர் எழுதி வாங்கினாங்க. அக்கா மட்டும், வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்னு போனாங்க. மறுநாள் வந்து, படம் இருக்கட்டும், பேர் வேண்டாம்னுட்டாங்க."

பெயிண்டர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயடி நினைவுக்கு வந்தது. அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றது நினைவுக்கு வந்தது. கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

மாடியில் இருந்த அலுவலகத்தில் ஒரு இளைஞன் பணிவாகத்தான் பேசினான். படத்தின் உரிமை எடுத்தவரிடம் இருக்கிறது, அவர் இப்போது வெளிநாட்டில், ஒரு விண்ணப்பம் தந்தால் அனுப்பி வைப்போம், ஒரு வாரத்துக்குள் பதில் வரும். "அடக்கம் மூணு மணிக்கு" என்றார் பெயிண்டர். அவன் முகம் வாடிவிட்டது. போனில் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கீழே வந்ததும் காவல்காரப் பெண், "நீங்க உங்க போன்ல எடுத்துக்கங்க, அதை யாரும் தடுக்க மாட்டாங்க" என்றாள். பெயிண்டர் எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார். அந்த போனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முகம் என்று தெரிந்தால் தானாகவே தேய்த்து மினுக்கி, நாலு பங்கு வெளுப்பாக்கிவிடும். நீலமும் சிவப்பும் ஊதாவும் போய், மொழுமொழுவென்று யாரோ ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே ஆள்தான். இரண்டையும் அழித்தார்.

வெறுங்கையோடு அவர் இறுதிச்சடங்கு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. மகளும் பெயிண்டரின் அக்காவும் முன்பே வந்திருந்தார்கள். உள்ளறையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"வா வா. எவ்வளவு பளிச்சுன்னு இருக்கா பாரு" என்று அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முகம் முழுக்கப் பூச்சு. புது வீட்டின் வெளிச்சுவருக்கு அடிக்கிற மாதிரி ஒரு வெளிர் நிறம், காது மடல்வரை வந்து சட்டென்று நின்றிருந்தது. காதுக்குப் பின்னால் அவளுடைய தோல் தெரிந்தது. மகள் பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள்.

"இதை யார் பண்ணினது?"

பூச்சு வேலை செய்கிற அம்மாள் மூலையில் பூச்சு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள். "ஏன் சார், நல்லாத்தானே வந்திருக்கு?"

"துடைச்சிடுங்க."

"சார், எங்ககிட்ட மூணு டப்பாதான் இருக்கு. இருக்கறதுலயே அடர்த்தி இதுதான். இதுக்கு மேல கம்பெனியில அனுப்பறதில்ல. வீட்டுக்காரங்களும் இப்படித்தான் கேக்கறாங்க. இவங்ககூட..." என்று அக்காவைப் பார்த்தாள்.

அக்கா வீங்கிய கண்களோடு தம்பியைப் பார்த்தாள். "நான்தான்டா சொன்னேன். பாவம், உசிரோட இருந்தவரைக்கும் எல்லார் வாயிலயும் விழுந்தா. கடைசியா ஒரு தடவை நல்லா இருந்துட்டுப் போகட்டுமேன்னு..."

எல்லார் வாயிலும் என்று சொன்னாளே தவிர, யார் வாய் என்று சொல்லவில்லை. பெயிண்டரும் கேட்கவில்லை.

"வெந்நீர் கிடைக்குமாம்மா? கொஞ்சம் பஞ்சும்."

பூச்சு வேலைக்காரம்மாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே போனாள். பெயிண்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நெற்றியிலிருந்து தொடங்கினார். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும். வேறொருத்தர் அடித்த பூச்சை அடியில் இருப்பதற்குச் சேதம் இல்லாமல் எடுப்பது அவர் கைக்குத் தெரிந்த வேலை. ஒரு பஞ்சு, இன்னொரு பஞ்சு. தட்டு முழுக்க வெளிர் நிறமாக உருண்டைகள் சேர்ந்தன. மூக்கோரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டது. பஞ்சைத் திரித்து அதையும் எடுத்தார். கண் இமையைத் துடைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே இருந்ததும் முழுக்க அவள் நிறமாக இல்லை. ரத்தம் நின்றுபோன முகம் சாம்பல் பூத்திருந்தது. காலையில் அந்தச் சுவரில் பார்த்த எதையும் இதில் பார்க்க முடியவில்லை. அவர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மகள் பக்கத்தில் வந்தாள். கைப்பையிலிருந்து எண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்தாள்.

"அம்மா குளிச்சிட்டு வந்து ரெண்டு சொட்டு தேய்ச்சுக்குவாங்கப்பா."

உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து, தாயின் கன்னத்திலும் நெற்றியிலும் தடவினாள். மேல் விளக்கின் வெளிச்சம் கன்ன எலும்பில் வந்து உட்கார்ந்தது. அக்கா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா, இதான்" என்றாள். நாற்காலியில் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெயிண்டர் குனிந்து மனைவியின் காதருகே போனார். கூப்பிட வாயைத் திறந்தார். வாய் பழக்கத்தில் அந்தப் பேர்தான் வந்து நின்றது. மூடிக்கொண்டார்.

நிலையத்து ஆள் கதவில் தலையை நீட்டினார். "சார், படம்?"

"இல்ல. கிடைக்கல."

"அப்ப வாசல்ல ஒண்ணும் வைக்க வேண்டாமா?"

"வேண்டாம். பெட்டியை மூடாம வைங்க. வரவங்க ஆளையே பாக்கட்டும்."

நிலையத்து ஆள் படச்சட்டத்துக்கு வைத்திருந்த தாங்கியை மடக்கி எடுத்துக்கொண்டு போனார்.

பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. பெயிண்டரோடு வேலை செய்கிற மூன்று பேர், எதிர்வீட்டுக் குடும்பம், மகளின் அலுவலகத்திலிருந்து இருவர். இரண்டே முக்காலுக்கு வாசலில் நீலச் சீருடை தெரிந்தது. ஐந்து பெண்கள், கூடவே அந்தக் காவல்காரப் பெண். வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறார்கள், ஒருத்தி கையுறையைக் கழற்ற மறந்துவிட்டிருந்தாள். கடைசி வரிசையில் நின்றவர்கள் பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியருகே வந்தார்கள். அவர்கள் முகங்களைப் பெயிண்டருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. காலையில்தான் ஆள் உயரத்துக்குப் பார்த்திருந்தார்.

"அக்கா டூட்டிக்கு வந்த மாதிரியே இருக்காங்க" என்றாள் கையுறைக்காரி, பக்கத்தில் நின்றவளிடம்.

மகள் அவரிடம் கிசுகிசுத்தாள். "யாருப்பா இவங்க?"

"அம்மாவோட வேலை பாத்தவங்க. ஒரு படம் இருக்கும்மா, இவங்களும் அம்மாவும். நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா படமா? எங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் காவல்காரப் பெண் கிளம்புவதைப் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று போய் அவளைப் பிடித்தார்.

"அம்மா, அந்த அட்டையில... இப்ப பேர் போட முடியுமா?"

"எழுதிக் குடுங்க அண்ணே. நானே ஆபீஸ்ல குடுத்து மாத்தச் சொல்றேன். மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

சட்டைப் பையில் பெயிண்ட் கடையின் நிற அட்டை ஒன்று மடிந்து கிடந்தது. அதைத் திருப்பிச் சுவரில் வைத்து, மகளின் பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தார். முதல் இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவதில் பேனா நின்றது.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கம்மா பேர்ல வர்ற ன, ரெண்டு சுழியா மூணு சுழியா?"

மகள் அவரைப் பார்த்தாள்.

"மூணு சுழிப்பா" என்றாள்.

அவர் எழுதினார். மை காயட்டும் என்று அட்டையை ஊதினார். காவல்காரப் பெண் அதை வாங்கி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்கள் சாலையைக் கடந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.

எல்லாம் முடியும்போது ஐந்து மணி. திரும்பி வருகிற வழியில், வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் பெயிண்டர் எழுந்தார்.

"இங்க ஒரு வேலை பாதியில கிடக்கு. பாத்துட்டு வந்துடறேன். நீங்க போங்க."

"இன்னிக்காப்பா?"

"சும்மா பாத்துட்டு வரேன்."

மூன்றாவது மாடியில், யாரும் குடிவராத வீடு. சாவி அவரிடம்தான் இருந்தது. பெரிய அறையின் நீளச் சுவருக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் சரிந்துவிட்டாள் என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார். தட்டில் ரோலர் விறைத்துக் கிடந்தது. டப்பாவின் மேல் ஆடை கட்டியிருந்தது. சுவரில் ஒரு இடத்தில் பூச்சு நின்று, ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோட்டை இனி ஒன்றும் செய்ய முடியாது. தேய்த்துவிட்டு முழுச் சுவரையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எங்கோ கீழ்வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், இரண்டு விசில் கேட்டது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே போனது. அவர் எழுந்து விளக்கைப் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, அடித்த பாதி எது அடிக்காத பாதி எது என்றும் தெரியவில்லை.